வெளியே பச்சை, உள்ளே சிவப்பு

ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சில வருஷம் குப்பை கொட்டினேன். 2016-ல் எங்கள் டீம் முழுக்க ஒரே புராஜெக்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கிளையன்ட்டுக்கு ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் போகும். அதில் மூன்று நிறம்தான். பச்சை என்றால் எல்லாம் சரி, மஞ்சள் என்றால் கொஞ்சம் கவனிக்கணும், சிவப்பு என்றால் கதை கந்தல். எங்கள் ரிப்போர்ட் வாரா வாரம் பச்சை. வேலையோ பாதிகூட முடிந்திருக்கவில்லை. இந்த மாதிரி ரிப்போர்ட்டுக்குக் கணினித் துறையில் ஒரு பட்டப்பெயர் உண்டு: தர்பூசணி. வெளியே பச்சை, உள்ளே சிவப்பு.

பேன்ட்ரிக்குப் பின்னால் யாருக்கும் வேண்டாத ஒரு ஒயிட்போர்டு கிடந்தது. ஒருநாள் சாயங்காலம் யாரோ அதில் ஐந்து கட்டம் போட்டார்கள். ரிலீஸ் எப்போ? 'சொன்ன தேதியில்', 'ஒரு மாசம் லேட்', 'ரெண்டு மாசம் லேட்', 'தீபாவளிக்கு அப்புறம்', 'நடக்கவே நடக்காது'. ஆளுக்கு இருபது ரூபாய், ஆளுக்கு ஒரு கட்டம். ஜெயிக்கிறவர்களுக்கு மொத்தக் காசும். இருபத்திமூன்று பேர் இனிஷியல் போட்டோம். 'சொன்ன தேதியில்' கட்டத்தில் ஒரு எழுத்துகூட விழவில்லை. அந்த வாரம் பச்சை ரிப்போர்ட்டைத் தயார் செய்து அனுப்பியவரின் இனிஷியலும் போர்டில் இருந்தது, 'ரெண்டு மாசம் லேட்' கட்டத்தில்.

மேனேஜர் வந்தார், பார்த்தார், சிரித்தார், அழித்தார். "ஆபீஸ்ல என்னப்பா சூதாட்டம்? கிளையன்ட் யாராவது வந்தா என்ன நினைப்பாங்க?" அதோடு முடிந்தது.

அன்றைக்கு அது எங்களுக்கு வெறும் டைம்பாஸ். பல வருஷம் கழித்துத்தான், நாங்கள் விளையாடியதற்குக் கணிப்புச் சந்தை என்று ஒரு பெயர் இருப்பதும், பெரிய பெரிய கம்பெனிகள் காசு செலவழித்து இதையே செய்து பார்த்திருப்பதும் தெரிய வந்தது. படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. செய்து பார்த்த இடத்தில் எல்லாம் ஏறக்குறைய வேலை செய்திருக்கிறது. ஆனால் எந்த இடத்திலும் நிலைக்கவில்லை.

*

கதை வழக்கமாக ஒரு மாட்டில் இருந்து தொடங்கும். நீங்களும் எங்கேயாவது கேட்டிருப்பீர்கள், அதனால் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1906, இங்கிலாந்தின் பிளைமவுத். கால்நடைக் கண்காட்சியில் ஒரு போட்டி: இந்த மாட்டை வெட்டிச் சுத்தம் செய்தால் எவ்வளவு எடை நிற்கும்? ஆறு பென்னி டிக்கெட். கசாப்புக்காரர்கள், விவசாயிகள், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று எல்லோரும் எழுதிப் போட்டார்கள். பிரான்சிஸ் கால்டன் என்ற கிழவர் அந்த டிக்கெட்டுகளை வாங்கி, படிக்க முடிந்த 787-ஐயும் வரிசைப்படுத்தினார். நடுவில் நின்ற மதிப்பு 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198. எல்லாவற்றையும் கூட்டி வகுத்த சராசரி 1,197. ஒரு பவுண்டுதான் வித்தியாசம்.

இந்தக் கால்டன் ஜனநாயக பக்தர் ஒன்றும் இல்லை. மனிதர்களில் நல்ல விதை, கெட்ட விதை என்று பிரித்து வளர்க்கலாம் என்ற யூஜெனிக்ஸ் கொள்கைக்குப் பெயர் வைத்தவரே அவர்தான். கூட்டத்தின் தீர்ப்பு, தான் எதிர்பார்த்ததைவிட நம்பத் தகுந்தது என்று அவரே 'நேச்சர்' இதழில் 1907-ல் எழுத நேர்ந்தது சரித்திரத்தின் ஒரு குறும்பு.

ஆனால் மாட்டுக் கதையில் எல்லோரும் தாண்டிப் போகிற ஒரு விஷயம் இருக்கிறது. மாட்டின் சொந்தக்காரருக்குப் பயந்து யாரும் எடையைக் கூட்டிச் சொல்லத் தேவையில்லை. அவர் கையில் இன்க்ரிமென்ட் கிடையாது.

அதே காலத்தில் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட் சுற்றுவட்டாரத்தில், ஜனாதிபதித் தேர்தல் மீது வெளிப்படையாகப் பந்தயம் நடந்தது. தரகர்கள் இருந்தார்கள், கமிஷன் இருந்தது, அன்றன்றைய விலையைச் செய்தித்தாள்கள் அச்சிட்டன. 1884 முதல் 1940 வரை பதினைந்து தேர்தல். அக்டோபர் நடுவில் சந்தை யாரை முன்னால் வைத்ததோ, அவரே பதினொரு முறை ஜெயித்தார். மூன்று முறை சந்தை இரண்டு பக்கமும் சமம் என்றது. தோற்றது ஒரே ஒரு முறை, 1916-ல், உட்ரோ வில்சன் கடைசி நேரத்தில் மேற்கு மாநில ஓட்டுகளில் தப்பிப் பிழைத்தபோது. அறிவியல்பூர்வமான கருத்துக்கணிப்பு என்ற ஒன்று 1930-களில் வேரூன்றும் முன்பே இவ்வளவும் நடந்துவிட்டது.

இது ஏன் நடக்கிறது என்பதற்கு நல்ல விளக்கம் சொன்னவர் ஃப்ரெட்ரிக் ஹயெக். அவருடைய அரசியலோடு எனக்குச் சண்டை உண்டு. ஆனால் 1945-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, சண்டை போடுகிறவர்களும் ஒருமுறை படிக்க வேண்டியது. அவர் தரும் உதாரணம் வெள்ளீயம். உலகத்தில் எங்கோ ஒரு சுரங்கம் மூடிவிட்டது, அல்லது எங்கோ புதிதாக ஒரு தேவை முளைத்துவிட்டது. எது என்று பாத்திரம் செய்கிறவனுக்குத் தெரியவேண்டாம். விலை ஏறுகிறது, அவன் சிக்கனமாகிறான். அவ்வளவுதான். ஒவ்வொருவரிடமும் சில்லறை சில்லறையாகச் சிதறிக் கிடக்கும் அறிவை விலை என்ற ஒற்றை எண் திரட்டித் தந்துவிடுகிறது.

ஹயெக் பேசியது நாடுகளைப் பற்றி, மையத் திட்டமிடல் பற்றி. இதில் வேடிக்கை என்னவென்றால், சந்தையின் புகழ் பாடுகிற முதலாளித்துவக் கம்பெனி, உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு குட்டி சோவியத் யூனியன். மேலே திட்டம், கீழே ஒதுக்கீடு, நடுவில் பச்சை ரிப்போர்ட். அந்தச் சுவருக்குள் ஒரு சந்தையைத் திறந்தால் என்ன ஆகும்?

*

ஹ்யூலெட்-பேக்கர்டில் திறந்தார்கள். 1996-ல். கம்பெனியின் ஆய்வகத்தில் இருந்த கே-யுட் சென் என்ற பொருளாதார நிபுணரும், கால்டெக் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பிளாட்டும் சேர்ந்து.

கேள்வி ரொம்பச் சாதாரணமானது. இன்ன மாதத்தில் இந்த பிரிண்டர் எத்தனை விற்கும்? கூட விற்கும் என்று நினைத்துச் செய்து குவித்தால் கிடங்கில் தூங்கும். குறைத்துச் செய்தால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார். எனவே கம்பெனிக்குள் அதிகாரபூர்வமாக ஒரு கணிப்பு தயாராகும்.

அந்தக் கணிப்பு எப்படித் தயாராகும் என்பது, ஒரு முறையாவது ரிவ்யூ மீட்டிங்கில் உட்கார்ந்த யாருக்கும் தெரியும். விற்பனைக்காரர் எண்ணைக் குறைத்துச் சொல்வார், அப்போதுதான் டார்கெட் குறையும், போனஸ் சுலபம். அந்தப் பொருளுக்குப் பொறுப்பானவர் ஏற்றிச் சொல்வார், அப்போதுதான் அடுத்த வருஷ பட்ஜெட் கிடைக்கும். மேலே உட்கார்ந்திருப்பவர், இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள் என்று தெரிந்து, தன் கணக்குக்கு ஒரு வெட்டு வெட்டுவார். கடைசியில் வருகிற எண்ணில் பிரிண்டரைப் பற்றிய தகவல் எவ்வளவு, ஆட்களைப் பற்றிய தகவல் எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது.

சென்னும் பிளாட்டும் செய்தது இது. விற்பனை எண்ணைப் பத்து துண்டு போல வெட்டிக்கொண்டார்கள். உதாரணத்துக்கு, 1,500-க்குள் என்றால் ஒரு துண்டு, 1,501 முதல் 1,600 வரை அடுத்த துண்டு, இப்படி. ஒவ்வொரு துண்டும் ஒரு பங்கு. மாதம் முடிந்து உண்மை எண் எந்தத் துண்டில் விழுகிறதோ, அந்தப் பங்கு வைத்திருப்பவருக்குப் பங்குக்கு ஒரு டாலர். மற்றதெல்லாம் வெறும் காகிதம். ஆகவே ஒரு துண்டின் பங்கு முப்பது சென்ட்டுக்கு விலை போகிறது என்றால், 'அதில் விழ நூற்றுக்கு முப்பது வாய்ப்பு' என்று கூட்டம் நினைப்பதாக அர்த்தம். விற்பனை, நிதி என்று பல பிரிவுகளில் இருந்து ஆட்களைச் சேர்த்தார்கள். கையில் கொஞ்சம் பங்கும் கொஞ்சம் பணமும் கொடுத்துவிட்டார்கள். யார் வாங்குகிறார், யார் விற்கிறார் என்று ஒருவருக்கொருவர் தெரியாது. சந்தை மதியச் சாப்பாட்டு நேரத்திலும் சாயங்காலத்திலும் மட்டும் திறக்கும். பல்கலைக்கழக வகுப்பறை ஒன்றைக்கூட நிரப்பாத கூட்டம் அது.

1999 வரை பல தடவை நடத்தினார்கள். கம்பெனியின் அதிகாரபூர்வக் கணிப்போடு ஒப்பிட முடிந்தவை எட்டு. அதில் ஆறில் சாப்பாட்டு நேரச் சந்தை ஜெயித்தது.

எனக்கு இந்த ஆறு, எட்டைவிட அந்தச் சாப்பாட்டு நேரம்தான் பிடித்திருக்கிறது. பத்து மணி மீட்டிங்கில் ஒரு எண்ணைச் சொன்ன அதே ஆள், ஒரு மணிக்கு சாண்ட்விச்சைக் கையில் பிடித்துக்கொண்டு வேறு எண் மீது காசு கட்டியிருக்கக்கூடும். அறிவு இரண்டு நேரமும் ஒன்றுதான். காலையில் அதற்கு ஒரு பெயரும் பதவியும் ஒட்டிக்கொண்டிருந்தது, மதியம் இல்லை.

அடுத்த வருஷமே, 1997-ல், ஆஸ்திரியாவின் சீமென்ஸ் கம்பெனியில் கெர்ஹார்ட் ஆர்ட்னர் என்பவர் ஒரு மென்பொருள் புராஜெக்ட் மீது சந்தை நடத்தினார். கேள்வி எங்கள் ஒயிட்போர்டுக் கேள்வியேதான்: சொன்ன தேதியில் முடியுமா? திட்டமிடும் கருவிகள் எல்லாம் முடியும் என்றன. சந்தை முடியாது என்றது. முடியவில்லை. வியன்னாவில் ஆளாளுக்குக் கையில் இருந்த தர்பூசணியை வெட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

*

இதெல்லாம் பிரிண்டரும் மென்பொருளும்தானே, தாமதமானால் குடி மூழ்கிவிடுமா என்று கேட்கலாம். அதற்காகப் பத்து வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் காலை சேலஞ்சர் விண்கலம் கிளம்ப வேண்டும். புளோரிடாவில் வழக்கத்துக்கு மாறான குளிர். விண்கலத்தின் பக்கவாட்டு ராக்கெட்டுகளைச் செய்து கொடுத்த கம்பெனி மார்ட்டன் தியோக்கால். ராக்கெட்டின் இணைப்புகளில் 'ஓ-ரிங்' என்ற ரப்பர் வளையங்கள் இருக்கும். குளிரில் அவை விறைத்துப் போகும் என்று அந்தக் கம்பெனியின் பொறியாளர்கள் பயந்தார்கள். ரோஜர் போய்ஜோலி என்ற பொறியாளர் அதற்கு முந்தைய வருஷமே இதைக் கடிதமாக எழுதி வைத்திருந்தார். அன்றிரவு தொலைபேசிக் கூட்டத்தில், சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் பரிந்துரைத்தார்கள். நாசா தரப்பு முகம் சுளித்தது. தியோக்கால் மேலாளர்கள் தங்களுக்குள் தனியாகப் பேச நேரம் கேட்டார்கள். திரும்பி வந்து, சரி, ஏவலாம் என்றார்கள்.

மறுநாள் காலை ஏவும்போது வெப்பநிலை சுமார் 2 டிகிரி. எழுபத்திமூன்று வினாடியில் சேலஞ்சர் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

காரணம் ஓ-ரிங்தான் என்று விசாரணைக் கமிஷன் ஜூன் மாதம் அறிக்கை கொடுத்தது. ஆனால் நியூயார்க் பங்குச் சந்தை அதைச் சொல்ல ஐந்து மாதம் எடுத்துக்கொள்ளவில்லை. விண்கலத்தோடு சம்பந்தப்பட்ட பெரிய கம்பெனிகள் நான்கு: ராக்வெல், லாக்ஹீட், மார்ட்டின் மரியட்டா, மார்ட்டன் தியோக்கால். செய்தி வந்த சில நிமிஷங்களில் நான்கின் விலையும் சரிந்தது. தியோக்கால் பங்கை விற்கத் துடித்தவர்கள் அவ்வளவு பேர், வாங்க ஆளில்லாமல் அந்தப் பங்கின் வர்த்தகத்தையே கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டி வந்தது. மாலைக்குள் மற்ற மூன்றும் ஓரளவு தேறி சுமார் 3 சதவீத இழப்பில் நின்றன. தியோக்கால் மட்டும் 12 சதவீதம் கீழே. மைக்கேல் மலோனி, ஹரோல்ட் மல்ஹெரின் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பின்னாளில் இதைத் தோண்டிப் பார்த்தார்கள். உள்ளே விஷயம் தெரிந்த யாராவது அன்று பங்கை விற்றுத் தள்ளினார்களா என்று தேடினார்கள். அதற்குத் தெளிவான தடயம் அகப்படவில்லை.

விசாரணைக் கமிஷனில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் இருந்தார். ஓ-ரிங் துண்டைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் காட்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதைவிடப் பெரிய வேலை ஒன்றை அவர் சத்தமில்லாமல் செய்தார். விண்கலத்தின் முக்கிய எஞ்ஜின் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அறையில் இருந்த மூன்று பொறியாளர்கள், அவர்களுடைய மேலாளர் என்று எல்லோர் கையிலும் ஆளுக்கொரு காகிதம் கொடுத்தார். இந்த எஞ்ஜின் பழுதால் ஒரு பயணம் தோற்க எவ்வளவு வாய்ப்பு, எழுதுங்கள் என்றார். பேசக் கூடாது, எழுதணும். பொறியாளர்கள் இரண்டு பேர் ஏறக்குறைய இருநூற்றில் ஒன்று என்றார்கள், மூன்றாமவர் முந்நூற்றில் ஒன்று. மேலாளர் எண் எதுவும் எழுதாமல் சுற்றி வளைத்தார். ஃபைன்மன் விடாமல் பிடித்துக் கேட்டதில் வெளியே வந்த எண்: லட்சத்தில் ஒன்று. அப்படியானால் தினம் ஒரு விண்கலமாக முந்நூறு வருஷம் ஏவினால் ஒன்றை இழக்கலாம் என்று ஃபைன்மன் கணக்குப் போட்டார்.

அந்த நான்கு காகிதங்கள் ஒரு சந்தைதான், காசு இல்லாத சந்தை. ஏழு பேர் செத்த பிறகு திறந்த சந்தை.

*

சரி, இவ்வளவு நல்ல கருவி என்றால் ஏன் ஒவ்வொரு ஆபீஸிலும் இல்லை?

கூகுளில் இருந்தது. 2005-ல் போ கௌகில் என்ற ஊழியரும் சில நண்பர்களும் ஆரம்பித்தார்கள். நாணயத்தின் பெயர் கூபிள். ஜிமெயிலுக்கு எத்தனை பேர் சேர்வார்கள், இன்ன வேலை காலாண்டுக்குள் முடியுமா என்பது மாதிரியான கேள்விகள். 1,400-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் வாங்கி விற்றார்கள். கணிப்பு மொத்தத்தில் நன்றாகவே இருந்தது, ஆனால் ஒரு சாய்வு தெரிந்தது: கம்பெனிக்கு நல்லது நடக்கும் என்ற பக்கமே விலை கொஞ்சம் கூடுதலாக நின்றது. கூகுள் பங்கு ஏறிய மறுநாள் அந்த நம்பிக்கை இன்னும் ஏறும். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் அது அதிகம். பழைய ஆட்கள் அவ்வளவு ஏமாறவில்லை, எந்த ஆபீஸிலும் அப்படித்தான்.

கௌகில், பிறகு இரண்டு பொருளாதார அறிஞர்களோடு சேர்ந்து, அந்த வர்த்தகப் பதிவுகளை வைத்து இன்னொன்றைத் தேடினார். யாரும் யாரும் ஒரே மாதிரி வாங்கி விற்கிறார்கள்? ஒரே டீமா, நண்பர்களா, ஒரே மொழி பேசுகிறவர்களா? எல்லாவற்றையும்விட பலமாக நின்றது நாற்காலி. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர்கள் ஒரே மாதிரி பந்தயம் கட்டினார்கள். மின்னஞ்சலையே தொழிலாக வைத்திருக்கும் கம்பெனியில், அறிவு முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பேசும் தூரத்தில்தான் பயணம் செய்திருக்கிறது.

கௌகிலும் எரிக் சிட்ஸெவிட்ஸும் பின்னர் கூகுள், ஃபோர்டு, பெயர் சொல்லாத இன்னொரு கம்பெனி ஆகிய மூன்றின் சந்தைகளையும் ஒன்றாக ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். நிபுணர்களின் கணிப்போடு ஒப்பிட்டால் சந்தையின் பிழை, சராசரி வர்க்கப் பிழை என்ற அளவுகோலில், 25 சதவீதம்வரை குறைவு. இவ்வளவுக்கும் பிறகு இந்தச் சந்தைகள் பரவவில்லை. கூகுளின் முதல் சந்தை ஓய்ந்து, 2020-ல் வேறு சிலர் வேறு பெயரில் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

காரணங்களாக நிறையச் சொல்கிறார்கள். சூதாட்டச் சட்டம். ஆட்கள் ஆர்வம் இழப்பது. புராஜெக்ட் தோற்கும் என்று காசு கட்டியவனே அதைத் தோற்கடித்தால் என்ன செய்வது என்ற கேள்வி. எல்லாம் நியாயமானவைதான். சந்தையும் தப்பாகப் போகும். 2016-ல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போகாது என்று வாக்குப் பெட்டி திறக்கும்வரை பந்தயச் சந்தைகள் சத்தியம் செய்தன. ஆனால் இவை எதுவும் எனக்கு முழுசாகப் போதவில்லை. ஒரு வைஸ் பிரசிடென்ட்டின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்க. தேதி தவறும் என்று யாருக்கும் தெரியாதவரை, தவறிய அன்று அது எல்லோருக்கும் அதிர்ச்சி. எதிர்பாராதது, யார் என்ன செய்ய முடியும். மார்ச் மாதமே விலை பதினைந்து சென்ட்டுக்கு இறங்கி, லாபியில் இருக்கும் திரையில் ஓடிக்கொண்டிருந்தால்? அப்புறம் அதிர்ச்சி என்று சொல்ல முடியாது. 'தெரிந்தும் என்ன செய்தாய்' என்ற கேள்வி வரும். கணிப்பு தேவை என்று எல்லோரும் சொல்கிறார்கள். தெரியாமல் இருந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் வசதியும் தேவையாக இருக்கிறது, அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. எங்கள் மேனேஜர் ஒயிட்போர்டை அழித்தது கிளையன்டுக்குப் பயந்து என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலேயும் ஒருவர் பச்சைக்காகக் காத்திருந்தார்.

*

எங்கள் ரிலீஸ் தீபாவளி முடிந்து மூன்று வாரம் கழித்துப் போனது. போர்டு அழிந்தாலும் யாரோ போட்டோ எடுத்து வைத்திருந்தார்கள். 'தீபாவளிக்கு அப்புறம்' கட்டத்தில் ஒரே ஒரு இனிஷியல். சேர்ந்து எட்டு மாசமே ஆன டெஸ்டிங் பெண். தேதி தவறும் என்பதில் நாங்கள் இருபத்திமூன்று பேரும் சரி. எவ்வளவு தவறும் என்பதில் அவளைத் தவிர எல்லோரும் தப்பு.

நானூற்று அறுபது ரூபாயை எண்ணிக் கொடுக்கும்போது, "எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்று கேட்டேன்.

"நான் எங்கண்ணா கண்டுபிடிச்சேன்? டேட்டாபேஸ் டீம்காரங்க ரெண்டு பேர் என்கூட ஒரே கேப்ல வருவாங்க. அவங்க டீம்ல மூணு பேர் பேப்பர் போட்டுட்டாங்கன்னு ஏப்ரல்லயே பேசிக்கிட்டாங்க. அப்புறம் எப்படி ரெண்டு மாசத்துல முடியும்?"

காசைப் பர்சில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "ஆளுக்கு இருபது ரூபாதான்னு ரூல் போட்டுட்டீங்க. இல்லைன்னா நான் ஐந்நூறு கட்டியிருப்பேன்."